அண்ணி, உட்காருங்க!

மார்ச் 6

வாலு,

போனில் பேசிப் பார்த்தோம். நீ அழுதாய், நான் கத்தினேன், உன் அண்ணன் நடுவில் வாங்கி "சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிட்டார். கூடத்து சோபாவில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு எந்தச் சிக்னல் போனதோ தெரியவில்லை. எழுத்தில் யாரும் யாரையும் குறுக்கே வெட்ட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். மூச்சு தடுமாறுகிறவர்களுக்கு மூச்சைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. அன்று உன் விமானத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால், நடைவழிக்கு அந்தப் பக்கம், ஒரு மனிதரின் தலை சரிந்தது. கை தொங்கியது. அவர் மனைவி "யாராவது வாங்களேன், யாராவது வாங்களேன்" என்று கதறினார். விமானம் குலுங்கிக்கொண்டிருந்தது, பெல்ட் விளக்கு எரிந்தது, ஊழியர்களையும் உட்காரும்படி கேப்டன் சொல்லிவிட்டார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தேன்.

கேபின் தலைவியான நீ முன்பக்கத்து மடக்கு இருக்கையில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். மைக்கை எடுத்தாய்.

"அண்ணி, உட்காருங்க! பெல்ட்டைப் போடுங்க!"

விமானம் முழுக்கக் கேட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். கை தானாகப் பெல்ட்டை மாட்டியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆபரேஷன் அறையில் பெரிய பெரிய சர்ஜன்கள் கத்தியும் அசையாதவள் நான்.

எல்லாம் அடங்கிய பிறகு அவரிடம் போனேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை. இல்லை என்று தெரிந்தும் செய்தேன். அவர் மனைவி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உங்க வீட்டு ஆளுங்கறதால உங்களை மட்டும் பத்திரமா வச்சுக்கிட்டாங்க."

அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் சொல். முகம் தெரியாத வேறொரு டாக்டர் எழுந்திருந்தால் அந்த மைக்கை எடுத்திருப்பாயா? விசாரணைக் குழு என்னைச் சாட்சி எழுதித் தரச் சொல்லியிருக்கிறது. அவர்களுக்கு எழுதுவதற்கு முன் உன்னிடம் கேட்கிறேன்.

அண்ணி

-----

மார்ச் 11

அண்ணிக்கு,

எடுத்திருப்பேன். நாட்டின் தலைவரே எழுந்திருந்தாலும் எடுத்திருப்பேன். அவரை "சார்" என்றிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். மைக்கில் "அண்ணி" என்று வந்துவிட்டதற்கு உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். உட்காரச் சொன்னதற்கு விழ மாட்டேன்.

இருபது வருடமாக ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்துவிட்டது. விளக்கு எரிந்தால் பெல்ட். எரியாவிட்டாலும், உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட். இடுப்புக்குத் தாழ, இறுக்கமாக, போர்வைக்கு மேலே. யார் கேட்கிறார்கள்? போர்வைக்கு அடியில் கழற்றிப் போட்டுவிட்டு "போட்டாச்சும்மா" என்று சிரிப்பார்கள். தண்ணீர் கேட்டால் நான் உடனே கொடுக்க வேண்டும். நான் பெல்ட் கேட்டால் மட்டும் அவர்களுக்கு மானம் போய்விடும்.

அன்றைக்குக் குலுக்கல் நடுவில் கொஞ்சம் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? அது முடியவில்லை, பெரியது இனிமேல்தான், யாரும் எழக் கூடாது என்று கேப்டன் எனக்குச் சொல்லியிருந்தார். நான் அறிவித்தேன். அறிவித்து வாயை மூடவில்லை, கிளிக், கிளிக், கிளிக் என்று கேபின் முழுக்கக் கழற்றுகிற சத்தம். ஒருத்தர் எழுந்து நின்று மேலே பெட்டியைத் துழாவினார். அடுத்த நிமிடம் அவர் எங்கே இருந்தார்? கூரையில். அவர் மண்டையைப் பிடித்துக் கட்டுப் போட்டது நீங்கள்தானே? பெல்ட் போட்டிருந்தவர்களில் ஒருவருக்காவது கீறல் உண்டா? ஆட்கள் மேலே பறப்பதில்லை அண்ணி. விமானம்தான் அவர்களை அப்படியே விட்டுவிட்டுக் கீழே போய்விடுகிறது.

செத்துப்போனவருக்காக நான் அழவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் இஷ்டம்.

சுருட்டையின் கதி தெரியும்தானே? என் பக்கத்து மடக்கு இருக்கையில் இருந்தவள், சுருட்டை முடிக்காரி, என்னோடு எட்டு வருடமாகப் பறப்பவள். அந்த இடைவெளியில் அவள் தானாகப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவரிடம் போனாள். பெரிய குலுக்கல் அவளைத் தூக்கி இருக்கைக் கைப்பிடிமேல் அடித்தது. முதுகெலும்பு உடைந்து கிடக்கிறாள். நீங்கள் போயிருந்தால் அந்தக் கட்டிலில் நீங்கள். அப்போது அண்ணனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

சாட்சியில் இதையெல்லாம் எழுதுங்கள். சுருட்டை யாரையும் கேட்காமல் தானாகத்தான் போனாள் என்றும் எழுதுங்கள். நானும் குழுவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்

-----

மார்ச் 15

வாலு,

தானாகவா?

உன் கடிதத்தில் பாதியை ஒப்புக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். பெரிய குலுக்கல் வந்தபோது என் பெல்ட் வயிற்றில் பதிந்த தடம் மூன்று நாள் போகவில்லை. நான் நின்றுகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நான் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றும் நான் சொல்லவில்லை. தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை.

பார்த்ததை எழுதுகிற வழக்கம் உண்டு. குலுக்கல் நின்ற அந்த இடைவெளியில் நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருட்டை உன் பக்கம் திரும்பினாள். கையைப் பெல்ட்டின்மேல் வைத்துக்கொண்டு உன் முகத்தைப் பார்த்தாள். நீ தலையாட்டினாய். ஒரே ஒரு தடவை, கீழ்நோக்கி. அதற்குப் பிறகுதான் அவள் கழற்றினாள். இருக்கை இருக்கையாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்டத் தவழ்ந்து போனாள்.

என்னைக் கத்தி உட்கார வைத்தாய். அவளைத் தலையாட்டி அனுப்பினாய். சரி, அவள் பயிற்சி பெற்றவள், அது அவள் வேலை, நான் பயணி. அப்படிச் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் அனுப்பியதை ஏன் மறைக்கிறாய்?

உன் கம்பெனி அவளுக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. கேப்டன் உத்தரவை மீறித் தன்னிச்சையாக எழுந்தாளாம். அது பணியில் பட்ட அடி இல்லையாம். சிகிச்சை அவள் பாடு, வேலையும் சந்தேகம். அப்போதே அந்த மனிதரிடம் போன ஒரே ஆள் மேல் கட்டுப்பாடற்றவள் என்று முத்திரை. உன் ஒரு வார்த்தையில் அது நிற்கிறது. எப்படித் தூங்குகிறாய்?

அண்ணி

-----

மார்ச் 20

அண்ணிக்கு,

ஆமாம். தலையாட்டினேன்.

போதுமா? இப்போது நான் கேட்கிறேன். யாரால் ஆட்டினேன்?

உங்களை உட்காரச் சொன்ன பிறகு நீங்கள் என்னைப் பார்த்தீர்களே ஒரு பார்வை, அதைக் கண்ணாடியில் போய்ப் பாருங்கள். ஒரு கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள். கண்ணை எடுக்கவே இல்லை. அந்த அம்மாள் இந்தப் பக்கம் கதறுகிறார், நீங்கள் அந்தப் பக்கம் முறைக்கிறீர்கள், நடுவில் நான் பெல்ட்டில் கட்டுண்டு உட்கார்ந்திருக்கிறேன். சுருட்டை திரும்பினாள். "போகட்டுமா" என்று வாய்கூடத் திறக்கவில்லை. தலை ஆடிவிட்டது. இருபது வருடத்தில் நான் மீறிய ஒரே உத்தரவு அது. உங்கள் கண்ணுக்குப் பயந்து மீறினேன். இப்போது அந்தக் கண்ணாலேயே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறீர்கள். நன்றாக இருக்கிறது நியாயம்.

விசாரணை அறையில் நான்கு பேர். ஏசி என் பிடரியில் ஊதிக்கொண்டிருந்தது. "நீங்க அனுமதி கொடுத்தீங்களா?" என்றார் ஒருவர், பேனாவைப் பார்த்துக்கொண்டே. "இல்ல சார்" என்று வாய் சொல்லிவிட்டது. வெளியே வந்து கழிப்பறையில் முகத்தைக் கழுவும்போதுதான் நான் சொன்னது எனக்கே புரிந்தது. திரும்பிப் போய் மாற்றலாம் என்று கதவுவரை போனேன். உள்ளே அடுத்த ஆள் உட்கார்ந்தாகிவிட்டது.

அப்புறம் தெரிந்தது, சுருட்டையும் ஆஸ்பத்திரியில் அவர்களிடம் அப்படியே சொல்லியிருக்கிறாள், தானாகத்தான் போனேன் என்று. நான் கேட்டுக்கொள்ளவில்லை, சத்தியமாக. அவளே சொன்ன பிறகு நான் எதை எப்படி மாற்றுவது?

அந்தத் தலையசைப்பை எழுதாதீர்கள். என் சீருடையைக் கழற்றிவிடுவார்கள். எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. அண்ணனிடமும் சொல்லாதீர்கள். அவர் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடப்பார்.

வாலு

-----

மார்ச் 24

வாலு,

உன் அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறார். இரவு என்னிடம், "ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கோங்க, என்னை மட்டும் இழுக்காதீங்க" என்றார். இழுப்பதற்கு அவரிடம் ஒரு பிடியும் இல்லை என்றேன்.

என் பார்வைக்குப் பங்கு இருக்கிறது என்கிறாய். இருக்கலாம். யோசித்துப் பார்த்தேன். நான் அப்போது உன்னை வெறுத்தது உண்மை, அது முகத்தில் தெரிந்திருக்கும். சாட்சி எழுதும் நாள் வந்தால் அதையும் எழுதுவேன். ஆனால் பார்த்தவள் கேபின் தலைவி இல்லை, தலையாட்டியவள்தான் கேபின் தலைவி. எனக்குப் பயந்தாயாம். இத்தனை பேரை அடக்கி உட்கார வைக்கிறவளுக்கு ஒரு அண்ணியின் முறைப்பு இவ்வளவு பெரிதா? கோபத்தில்கூடச் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுருட்டையைப் போய்ப் பார்த்தேன். அசையக் கூடாது என்று மார்பிலிருந்து இடுப்புவரை கவசம் மாட்டியிருக்கிறார்கள். முடியைச் சீவ ஆளில்லாமல் சிக்குப் பிடித்துக் கிடக்கிறது. டாக்டர் என்று சொன்னதும் கால் விரலை ஆட்டிக் காட்டினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வீட்டுப்பாடம் காட்டுவதுபோல்.

"ஏன் தானா போனேன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"போனது நான்தானே டாக்டர்ம்மா."

"அவ தலையாட்டினதை நான் பார்த்தேன்."

கூரையைப் பார்த்தபடி பேசினாள். அவளால் வேறெங்கும் பார்க்க முடியாது. "முதுகு போனது போனதுதான். அக்கா வேலையும் போகணுமா? நீங்க எழுதாதீங்க. அக்காவா சொன்னா சொல்லட்டும்."

அக்கா சொல்லட்டும். கேட்டாயா? உன்னைக் காப்பாற்றப் பொய்யும் சொல்லிவிட்டு, நீ உண்மையைச் சொல்வாய் என்று காத்தும் கிடக்கிறாள்.

நீயே போய்ச் சொல். உன் பதில் வரும்வரை நான் குழுவுக்கு எதையும் அனுப்ப மாட்டேன். இது என் வாக்கு.

அண்ணி

-----

மார்ச் 28

வாலு,

இன்று காலை என் சாட்சியை அனுப்பிவிட்டேன். தலையசைப்பையும் சேர்த்து. என் பார்வையையும் சேர்த்து.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பெனி கைகழுவிவிட்டதால் அவளுக்கு நடக்கவிருந்த ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டு, பொது வார்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கட்டிலைத் தள்ளினார்கள். கதவு நிலையில் ஒரு முட்டு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த முதுகெலும்பில் இன்னொரு முட்டு விழுந்தால் கால் விரல் ஆடாது. இது எனக்குத் தெரிந்த விஷயம், சந்தேகமில்லாமல்.

நான்கு நாளாக உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ பதில் எழுதுவாய் என்று நான் நம்பவும் இல்லை.

அண்ணி

-----

மார்ச் 28

அண்ணிக்கு,

உங்கள் 24ஆம் தேதிக் கடிதம் நேற்று இரவு பறந்துவிட்டு வந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. மூன்று நாள் வெளியூர்ச் சுற்று. ஷூவைக்கூடக் கழற்றாமல் படித்தேன்.

சொல்லிவிடுகிறேன். கூரையைப் பார்த்தபடி "அக்காவா சொன்னா சொல்லட்டும்" என்றாளாமே, அதற்கு மேல் என்னால் முடியாது. குழுத் தலைவருக்குப் போன் செய்து என் வாக்குமூலத்தை மாற்ற வேண்டும் என்று நேரம் கேட்டேன். வருகிற மூன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். என்ன மாற்றம் என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன். போனில் சொல்லி மறுபடி வாய் வேறெதையாவது உளறிவிடுமோ என்று பயம்.

நீங்கள் காத்திருப்பதாக எழுதியதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தக் குடும்பத்தில் யாரும் எனக்காக எதற்கும் காத்திருந்ததில்லை. நானே என் வாயால் சொன்னேன் என்று இருந்தால், சீருடை போனாலும் சுருட்டையின் முகத்தைப் பார்க்க முடியும். அது ஒன்று போதும்.

உங்கள்மேல் கோபம் தீரவில்லை. ஆனாலும் நன்றி.

வாலு

-----

ஏப்ரல் 4

அண்ணிக்கு,

நேற்றுப் போனேன். சீருடையை இஸ்திரி போட்டு, கொண்டையை இறுக்கிக் கட்டி, காரில் நான்கு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். உட்கார்ந்து வாயைத் திறந்தேன். "சார், நான் அன்னைக்கு..." என்றதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க அண்ணி எழுதிட்டாங்கம்மா. எல்லாம் வந்துடுச்சு. இனி நீங்க ஒத்துக்கறீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

நான் முன்னமே நேரம் கேட்டேனே, அதைச் சொல்லத்தானே வந்தேன் என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. இந்த மாதிரிக் கதையைத் தினமும் கேட்பவரின் சிரிப்பு. "சாட்சியம் கிடைத்தபின் ஒப்புக்கொண்டார்" என்று எழுதினார்கள். என் கண் முன்னால்.

என்னைப் பறப்பதிலிருந்து நீக்கிவிட்டார்கள். இனி தரையில், சீருடைக் கிடங்கில் உட்கார்ந்து புதிதாக வரும் பெண்களுக்கு அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். சுருட்டைக்குப் பணியில் பட்ட அடி என்று தீர்மானம் ஆகிவிட்டது. சிகிச்சை கம்பெனியின் பொறுப்பு. நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. நான் கேட்டதும் அதுதான்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் உங்கள் 28ஆம் தேதிக் கடிதம் கைக்குக் கிடைத்தது. நீங்கள் எழுதியதற்காக எனக்குக் கோபம் இல்லை. எழுத வேண்டியதைத்தான் எழுதினீர்கள். ஆனால் காத்திருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தீர்கள். நம்பியிருக்க வேண்டாம் அண்ணி, ஒரு போன் போட்டு "என்னடி, சொல்லப் போறியா இல்லையா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கக்கூட நான் லாயக்கில்லையா? செய்த தப்பைச் சொல்லும் வாய்ப்பு ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

-----

ஏப்ரல் 8

வாலு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போட உனக்கு உரிமை உண்டு.

நம் 28ஆம் தேதிக் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையதை நான் மூன்றாம் தேதி மாலைதான் படித்தேன். படித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்து நின்றேன். உன் அண்ணன் வந்து அணைத்தார். கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து, "நீ செஞ்சது தப்பு" என்றார். சிக்னல் நன்றாகவே இருந்தது.

சாட்சி எழுதியதற்கு வருத்தப்பட மாட்டேன். அந்தக் கட்டிலைத் தள்ளியதைப் பார்த்த பிறகு இன்னொரு நாள் பொறுத்திருக்க என்னால் முடியாது, இன்று கேட்டாலும் முடியாது. ஆனால் ஒரு போன் போட முடியும். போடவில்லை. நீ மறுப்பாய் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எதையும் ஆதாரம் இல்லாமல் ஏற்காதவள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. உன் விஷயத்தில் ஆதாரமே கேட்காமல் தீர்ப்பு எழுதினேன். கொடுத்த வாக்கை மீறினேன். இதற்கு விளக்கம் இல்லை, மன்னிப்பு மட்டும் கேட்கிறேன்.

நீ முன்னமே நேரம் கேட்டிருந்தாய் என்று குழுவுக்கு எழுதினேன், போனும் செய்தேன். "கோப்பில சேர்த்துக்கறோம் மேடம்" என்றார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கூரையில் மோதியவருக்கு நஷ்ட ஈடும் மன்னிப்புக் கடிதமும் போயிருக்கிறதாம். எழாதே என்று கத்தியவளுக்குச் சீருடைக் கிடங்கு.

இறந்தவரின் மனைவியைப் போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். திட்டினார். உன்னை, என்னை, விமானத்தை, வானத்தை. கடைசியில், "எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்துச்சே ஒரு பொண்ணு, அது எழுந்து நடக்குதா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "வர்றேன்னு வந்தது அது ஒண்ணுதான்" என்றார். அந்தப் பெண்ணை அனுப்பியது நீதான் என்று அவரிடம் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

அண்ணி

-----

ஏப்ரல் 12

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன். மன்னிப்பதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம், எனக்கு அவசரம் இல்லை.

சுருட்டைக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. நடப்பாளா என்பதை இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நீங்கள் பேசுவது மாதிரியே பேசுகிறார், கேட்க எரிச்சலாக இருக்கிறது. கிடங்கு வேலை முடிந்ததும் தினமும் போகிறேன். நான்கு நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முடிச் சிக்கை எடுப்பேன், அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நேற்று நான் சீப்பை வைத்துவிட்டுக் கிளம்பும்போது வாயைத் திறந்தாள்.

"நான்தான் பொய் சொன்னேன், நீங்க எதுக்குக்கா அத்தனை நாள் அந்தப் பொய்யில உட்கார்ந்திருந்தீங்க?"

சீப்பை மறுபடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"உங்க அண்ணியையும் வரச் சொல்லுங்க. எழுதாதீங்கன்னு கெஞ்சினேன், எழுதிட்டாங்க. ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே தடவையில திட்டிடறேன். தனித்தனியா திட்ட எனக்குத் தெம்பில்ல."

ஞாயிற்றுக்கிழமை மாலை பார்வையாளர் நேரம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான் இருப்பேன், அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. வாருங்கள். நீங்களும் நானும் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. அவள் பேசுவாள்.

வாலு